விலாவில் அடிபட்டால் வயிற்றை ஸ்கேன் செய்வது ஏன்? நம் எலும்புக்கூடும் உடற்குழிகளும்

மழை விட்ட காலையில் செம்பனைக் காட்டு மண் சாலையில் மோட்டர் வழுக்கி விழுவது புதிய சங்கதி இல்லை. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல, விலாவுலதான் லேசா அடி" என்று சொல்லி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வீட்டில் இருப்பவர்களும் எண்ணெய் தடவி நீவி விடுவார்கள். எலும்பு முறியவில்லை என்றால் பயமில்லை என்பது நம்மில் பலருடைய கணக்கு.

ஆனால் அதே ஆளைச் சிரம்பானில், ஜாலான் ராசாவில் இருக்கும் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ வேறு எந்தப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போனால், மருத்துவர் விலாவைத் தொட்டுப் பார்த்த கையோடு வயிற்றில் குளிர்ந்த ஜெல்லியைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பார். "அடி விலாவுல, இவங்க ஏன் வயித்தப் பாக்குறாங்க?" என்று கூட வந்தவர் கேட்பார்.

நியாயமான கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால் உடம்புக்குள் எது எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் எலும்புக்கூட்டுப் படத்துக்குப் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறோம். வேலை செய்து பிழைக்கிற உடம்புக்கு அது போதாது.

மூன்று ஈரல், இரண்டு அறை

தமிழில் மூன்று உறுப்புகளுக்கு 'ஈரல்' என்று பெயர்: நுரையீரல், கல்லீரல், மண்ணீரல். சந்தையில் ஆட்டு ஈரல் வாங்கும்போதும் சேர்த்தே பேசுகிறோம். பேரழுகை அழுதவளை "ஈரக்குலையே வெளிய வந்துடும்போல அழுதா" என்கிறோம். பெயரைக் கேட்டால் மூன்றும் ஒரே இடத்தில் கொத்தாகத் தொங்குவதுபோல் தோன்றும்.

அப்படி இல்லை. நுரையீரல்கள் நெஞ்சறையில் இருக்கின்றன. கல்லீரலும் மண்ணீரலும் வயிற்றறையில். நடுவே உதரவிதானம் என்ற தசைச் சுவர். நீங்கள் மூச்சு இழுக்கும்போது முதலில் வேலை செய்வது இந்தத் தசைதான். விக்கல் எடுத்தால் துள்ளுவதும் இதுதான்.

இந்தச் சுவர் தட்டையான பலகை அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். கவிழ்த்து வைத்த சட்டிபோல அது மேல்நோக்கிக் குவிந்திருக்கிறது. மூச்சை முழுவதுமாக விட்டால் அதன் வலப்பக்க உச்சி ஆண்களின் முலைக்காம்பு மட்டம் வரை ஏறிவிடும். சட்டிக்கு அடியில் இருப்பது வயிறு. அதாவது, வெளியிலிருந்து பார்த்தால் 'நெஞ்சு' என்று நீங்கள் சொல்லும் இடத்தின் கீழ்ப்பாதிக்குள் இருப்பது பெரும்பாலும் வயிற்றறையின் மேல் பகுதி. கீழ் விலாக்கள் நெஞ்சுக்கு மட்டும் கூண்டு அல்ல, வயிற்றுக்கும்தான்.

அதனால்தான் விலாவில் அடி என்றால் வயிற்றுக்கு ஸ்கேன்.

கூண்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள். பிறக்கும்போது அதைவிட அதிகம். வளர வளரப் பல ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. இந்த 206-ஐ இரண்டாகப் பிரிப்பார்கள். உடலின் நடு அச்சாக நிற்பவை 80: மண்டையோடு, காதுக்குள் இருக்கும் சிறு எலும்புகள், தொண்டையில் இருக்கும் ஒன்று, முதுகெலும்பு, விலாக்கள், மார்பெலும்பு. இந்த அச்சில் மாட்டப்பட்டவை 126: தோள், கை, இடுப்பு, கால். இதில் கைக்கும் காலுக்கும் பக்கத்துக்கு 30 வீதம் 120 போய்விடுகிறது. ஆக, உங்கள் எலும்புகளில் பாதிக்கு மேல் பிடிக்கவும் நடக்கவும்தான் இருக்கின்றன.

தொடையெலும்பு ஆக நீளமானது. காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு ஆகச் சிறியது, சுமார் 3 மில்லிமீட்டர்தான். இதெல்லாம் புதிர்ப் போட்டிக்கு உதவும். நமக்கு இன்று முக்கியம் விலா.

விலாக்கள் 12 ஜோடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண்ணிக்கைதான். ஆணுக்கு ஒன்று குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாமே பின்னால் முதுகெலும்பில் தொடங்குகின்றன. முன்னால் வரும்போதுதான் வித்தியாசம். மேலே உள்ள 7 ஜோடி, குருத்தெலும்பு வழியாக நேரே மார்பெலும்பில் சேர்கின்றன. அடுத்த 3 ஜோடி தமக்கு மேலே இருக்கும் குருத்தெலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. கடைசி 2 ஜோடி எதிலும் சேராமல் முன்பக்கம் அந்தரத்தில் நிற்கின்றன.

விரலை நெஞ்சின் நடுவிலிருந்து கீழே இறக்குங்கள். மார்பெலும்பு முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதுதான் நெஞ்சுக்குழி. அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூண்டின் கீழ் வரம்பு அது. வலது வரம்புக்குள் ஒளிந்திருப்பது கல்லீரல், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இடது பக்கம், பின்னால் தள்ளி, 9, 10, 11-ஆம் விலாக்களுக்குள் இருப்பது மண்ணீரல். 12-ஆம் விலாவுக்கு அருகே, முதுகுப் பக்கமாக, சிறுநீரகங்கள்.

தோட்டத்தில் பால் தூக்கியவர்களுக்கு விலாவின் அசைவை ஒரே உவமையில் சொல்லிவிடலாம். வாளியின் கைப்பிடியைப் படுக்க வைத்துவிட்டு மெதுவாகத் தூக்குங்கள். விலா எலும்பு மூச்சு இழுக்கையில் எழுவது அப்படித்தான். கூண்டு பக்கவாட்டில் விரிகிறது, உதரவிதானம் கீழே இறங்குகிறது, காற்று உள்ளே வருகிறது. விலா முறிந்தவர் ஆழமாக மூச்சு விடப் பயப்படுவது இதனால்தான். ஆழமாக மூச்சு விடாமலே பல நாள் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். முதியவர்களுக்கு இது பெரிய ஆபத்து. "வலி மாத்திரை உடம்புக்குக் கெடுதல், பொறுத்துக்கிறேன்" என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: அந்த மாத்திரை நீங்கள் மூச்சு விடுவதற்காகவும் கொடுக்கப்படுகிறது.

உடம்புக்குள் எத்தனை குழி?

உடற்குழி என்றால் வெற்றுப் பள்ளம் அல்ல. உறுப்புகள் அடைந்து கிடக்கும் அறை. பின்பக்கம் ஒரு தொகுதி: மண்டையோட்டுக்குள் மூளை, அதன் தொடர்ச்சியாக முதுகெலும்புக்குள் தண்டுவடம். இந்த அறைக்குச் சுற்றிலும் எலும்புச் சுவர். முன்பக்கம் இன்னொரு தொகுதி: உதரவிதானத்துக்கு மேலே நெஞ்சறை, கீழே வயிற்றறை. வயிற்றறையின் அடித்தளம் இடுப்பெலும்புக் கிண்ணம். அதில் சிறுநீர்ப்பை, பெண்களுக்குக் கருப்பை. வயிற்றறைக்கும் இடுப்பறைக்கும் இடையே சுவர் இல்லை; மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்கிவிடும்.

நெஞ்சறை மட்டும் உள்ளுக்குள் மேலும் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி உறை. நடுவில் இதயத்துக்கு ஒரு பை. ஒவ்வோர் உறையும் இரட்டை மடிப்பு. மடிப்புகளுக்கு இடையே இருப்பது கொஞ்சம் வழுவழுப்பான நீர் மட்டும். இரண்டு ஈரக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வழுக்குவதுபோல் நுரையீரல் விலாவோடு ஒட்டி நகர்கிறது. சாதாரண நாளில் அங்கே இடமே இல்லை. ஆனால் காற்றோ நீரோ ரத்தமோ புகுந்தால் இடம் உண்டாகிவிடும். அப்போது நுரையீரல் சுருங்கும்.

விபத்தில் அடிபட்டவருக்குச் செய்யும் அந்த அவசர ஸ்கேன் நான்கு இடங்களைத் தேடுகிறது: வலது விலாவுக்குள், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, இடது விலாவுக்குள், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், சிறுநீர்ப்பைக்குப் பின்னால், நெஞ்சுக்குழி வழியாக மேல்நோக்கி, இதயப் பைக்குள். இருக்கக்கூடாத கறுப்பு நிழல் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்கேன் திரையில் ரத்தம் கறுப்பாகத் தெரியும்.

நம் உடலில் மொத்தம் சுமார் 5 லிட்டர் ரத்தம். வயிற்றறையின் முன்சுவர் தசையாலானது, எலும்பு கிடையாது. அது விரிந்து கொடுக்கும். லிட்டர் கணக்கில் ரத்தம் உள்ளே கசிந்தும் வெளியே ஒரு சொட்டு தெரியாமல் இருக்கலாம். காயமே இல்லையே என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வது அந்த நேரத்தில்தான்.

கங்காணி காலத்தில் மண்ணீரலை எண்ணினார்கள்

மண்ணீரலுக்கு நம் தோட்ட வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அது தெரிந்தால் இந்த உறுப்பின் இடம் மறக்காது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் காடழித்து ரப்பர் நட்டார்கள். குன்றுப் பகுதிகளில் மரங்கள் போனதும் பள்ளத்தாக்கு ஓடைகளில் வெயில் பட்டது. தெளிந்த, ஓடும் நீரில் வளரும் ஒரு வகை அனோஃபிலிஸ் கொசுவுக்கு அது தோதாகிப் போயிற்று. மலேரியா காய்ச்சல் லயங்களைச் சூறையாடியது. கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, வடிகால் அமைத்தும் எண்ணெய் தெளித்தும் கட்டுப்படுத்தும் முறைகளை உருவாக்கினார். மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு பற்றிய அவருடைய நூல் 1911-இல் வெளிவந்தது. நெகிரி செம்பிலானும் அந்த மாநிலங்களில் ஒன்று. சிரம்பானைச் சுற்றிய மேடு பள்ளமான நிலம் எப்படி இருக்கும் என்று ராசாவிலோ லாபுவிலோ ரந்தாவிலோ இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று எப்படி அளப்பது? பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலா விளிம்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். சாதாரண மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது, விலாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதன் வேலைகளில் ஒன்று, கெட்டுப்போன சிவப்பணுக்களை வடிகட்டி எடுப்பது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் வடிகட்டும் வேலை கூடி அது வீங்கிவிடும். இரண்டு மூன்று மடங்கு பெருத்த பிறகு விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படித் தட்டுப்படுகிறது என்பதே அந்தத் தோட்டத்தின் 'மண்ணீரல் விகிதம்'. இந்த முறையை 1840-களிலேயே வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்ற ராணுவ மருத்துவர் பயன்படுத்தியிருந்தார். ரத்தப் பரிசோதனைக் கருவிகள் இல்லாத லயத்து வாசலில் ஒரு கையும் ஒரு பென்சிலும் போதுமாக இருந்தன.

வீங்கிய மண்ணீரல் இலேசில் கிழியும். காலனி கால நீதிமன்றங்களில் அது சாக்காகவும் ஆயிற்று. இந்தியாவில் 1875-இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் தன் குதிரைக்காரர் கட்வாருவை அடித்தார். அவர் இறந்துபோனார். மண்ணீரல் கிழிந்ததால் சாவு என்றது பரிசோதனை. ஃபுல்லருக்கு 30 ரூபாய் அபராதம். தண்டனை இவ்வளவு குறைவா என்று வைஸ்ராய் லிட்டனே 1876-இல் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று. நோயுற்ற மண்ணீரல் என்றால் அடித்தவர் மீது பாதிப் பழிதான் என்பது அந்தக் காலத்து நியாயம். அடிபட்டவர் எதனால் நோயுற்றார் என்பதை அந்த நியாயம் கேட்கவில்லை.

மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் வகை மட்டும் இன்னும் இருக்கிறது. ஆகவே இன்றைக்குப் பெரும்பாலோர் மண்ணீரல் விலாவுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் வேகமாக விழுந்தால் அந்தப் பத்திரம் போதாது. பிள்ளைகளுக்கு விலா வளைந்து கொடுக்கும். எலும்பு முறியாமலே உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்பது முழு விடுதலைப் பத்திரம் அல்ல.

இன்னொன்று: கிழிசல் உடனே பெரிதாக வெளிப்படாமல், சில நாள் கழித்தும் ரத்தம் கொட்டலாம். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்தினால், அந்த வலி இடது தோளில் தெரியும். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதுதான் காரணம். மூளை ஏமாந்துபோய்த் தோள் வலி என்று நினைத்துக்கொள்கிறது. விழுந்தவருக்குத் தோளில் அடியே படாமல் தோள் வலித்தால், தைலம் தேய்க்கும் நேரம் அதுவல்ல.

குழிக்குள் நீர் சேர்ந்தால்

குழிகளில் சேர்வது ரத்தம் மட்டும் அல்ல. டிங்கிக் காய்ச்சலில் ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப் பகுதி நுரையீரல் உறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் இறங்கும். பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற கட்டத்தில்தான். "காய்ச்சல் விட்டுருச்சு, பிள்ளைக்குச் சரியாயிடும்" என்று நிம்மதியாகும் அந்த நேரத்தில் வயிறு வலித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டிங்கியில் வயிற்று வலி சாப்பாட்டுக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

இதே நெகிரி செம்பிலானில் நூறு ஆண்டுக்கு முன் இன்னொரு நோய் இதயத்தைப் பெருக்க வைத்து, காலிலும் குழிகளிலும் நீர் சேர்த்துக் கொன்றது: பெரிபெரி. இங்கே அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது வந்தது; புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. 1907-இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார். தவிட்டோடு போகும் பி1 வைட்டமின் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்த விளக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பழக்கம் ஓர் உறுப்பைக் காப்பாற்றியிருக்கிறது.

குனிந்து நிமிரும் முதுகு

இனி முதுகுக்கு வருவோம். தோட்டத்து வலிகளில் முதல் இடம் அதற்குத்தான்.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என்று தனித்தனி முள்ளெலும்புகள். கீழே ஐந்து சேர்ந்து ஒரே எலும்பாகி இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவராக நிற்கிறது. கடைசியில் வாலெலும்பு. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைதான் 'டிஸ்க்'. வெளியே நார் வளையம், உள்ளே குழைந்த பொருள்.

நின்றபடி செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து பார்த்தே பாதி நாளைக் கழிக்கிறார்; கழுத்து எலும்புகள் பின்பக்கம் நெருங்குகின்றன. அடுத்த நொடி குனிந்து குலையைத் தூக்குகிறார். உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்கள் குனிந்தது குனிந்தபடி. கித்தா மரத்தில் பால் வெட்டுபவர், ஒரே பக்கமாக உடம்பைத் திருப்பி, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வருகிறார். முன்பு காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் வைத்து ஸ்டோருக்கு ஓடியவர்களின் காறை எலும்பு மேல் காய்ப்பு ஏறியிருக்கும். கையை உடம்போடு எலும்பால் இணைப்பது அந்த மெல்லிய காறை எலும்பு ஒன்றுதான், மீதியெல்லாம் தசை.

குனிந்து தூக்கும்போது கணக்கு என்னவென்று பாருங்கள். முதுகுத் தசை முள்ளெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது. கையிலிருக்கும் குலை 40, 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி 20 கிலோ குலைக்குத் தசை 160 முதல் 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். உங்கள் மேல் உடம்பின் எடை அதில் இன்னும் சேரவில்லை. இந்த விசை முழுவதும் அடி முதுகு டிஸ்க்கில் இறங்குகிறது. ஸ்வீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் டிஸ்க்குக்குள் ஊசி வைத்தே அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்றால் மல்லாந்து படுக்கையில் 25 அளவுக்கு இறங்குகிறது. முன்னால் குனிந்தால் 150. எடையைப் பிடித்துக் குனிந்தால் 200-ஐத் தாண்டுகிறது.

குலையை உடம்போடு ஒட்டிப் பிடி, முழங்காலை மடக்கு என்று பாதுகாப்புப் பயிற்சியில் சொல்வதன் அர்த்தம் இதுதான். அந்த 50 சென்டிமீட்டரை 25 ஆக்கினால் தசையின் பாரம் பாதியாகிறது. ஆனால், முள் நிறைந்த குலையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க யாராலும் முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே கைவண்டியும், குத்தித் தூக்கும் கொக்கியும், எடைக்கேற்ற இரண்டாவது ஆளும் தேவை. முதுகைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் தொழிலாளியின் முழங்கால் மீது ஏற்றிவிடுவது சரியல்ல.

முதுகு வலி பெரும்பாலும் சில வாரத்தில் தணியும், நடமாடிக்கொண்டிருப்பது நல்லது. ஆனால் ஒரு விஷயம். தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை போவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்து, அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போலப் பிரிந்து தொங்குகின்றன. டிஸ்க் பிதுங்கி அந்தக் கொத்தை நெரித்தால் சிறுநீர் அடைபடும் அல்லது தெரியாமல் போகும், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகும், கால் தளரும். இந்த அறிகுறிகள் வந்தால் சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போகாதீர்கள். மணிக்கணக்கு முக்கியம்.

எலும்பில்லாத இடம்

விலா முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் வரை, முன்னால் எலும்பே இல்லை. நாம் குனியவும், பெண்கள் பிள்ளை சுமக்கவும், வயிறாரச் சாப்பிடவும் அந்த இடைவெளி தேவை. அதற்குக் கொடுக்கும் விலைகளில் ஒன்று குடலிறக்கம். பாரம் தூக்கி முக்கும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தசை மெலிந்த இடத்தில், முக்கியமாக ஆண்களின் கவட்டைப் பகுதியில், குடல் பிதுங்குகிறது. நின்றால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்து வைப்பவர்கள் பலர். புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலித்து, வாந்தியும் வந்தால் குடல் நெரிபடுகிறது என்று பொருள். அன்றைக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

பிள்ளைகளுக்கு "குடல் ஏறிடுச்சு", "உரம் விழுந்துடுச்சு" என்று தட்டியும் உதறியும் எடுக்கும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. குடல் ஒரு மடிப்பில் பின்சுவரோடு கட்டப்பட்டிருக்கிறது. குலுக்கி இறக்கும் பொருள் அல்ல. கைக்குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் மண்டையோட்டுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. பாட்டி அன்போடு செய்வதுதான். ஆனாலும் வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

அரசாங்க மருத்துவமனை முகப்பில் மலாயில் கேட்பார்கள். விலா 'ருசுக்'. நுரையீரல் 'பாரு-பாரு'. மண்ணீரல் 'லிம்பா'. இடுப்பு 'பிங்காங்'. கல்லீரல் 'ஹாத்தி', ஆனால் "சாக்கிட் ஹாத்தி" என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கு மனம் புண்பட்டது என்று அர்த்தம். நெஞ்சுக்குழிக்கு மலாயில் 'உலு ஹாத்தி'. தமிழில் அந்த இடத்துக்கு நெஞ்சின் பெயர், மலாயில் கல்லீரலின் பெயர். இரண்டு மொழியும் அந்த இடத்தில் தடுமாறுகின்றன.

தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. நெஞ்சுக்குழிக்கு நேர் பின்னால் இரைப்பை. அதற்கு மேலே, உதரவிதானத்தின் மறுபக்கம், இதயத்தின் அடிப்பகுதி. நடுவில் ஒரு மெல்லிய தசை மட்டும். ஆகவே "கேஸ்தான்" என்று இஞ்சி குடித்துப் படுத்த வலி மாரடைப்பாக இருந்துவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமலும் வரலாம். 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நெஞ்சுக்குழி வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, மூச்சு முட்டினாலோ 999-ஐ அழையுங்கள்.

மற்ற வலிகளுக்கு, "உடம்பெல்லாம் வலி" என்று சொல்லாமல் ஒரே விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, மூச்சு இழுத்தால் கூடுகிறதா என்பதைச் சொல்லுங்கள். விழுந்திருந்தால், எந்தப் பக்கமாக விழுந்தீர்கள், மோட்டரின் கைப்பிடி எங்கே குத்தியது என்பது வரை சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ நடந்த விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதற்கும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிய தாள் வேண்டும்.

இடது விலாவில் அடிபட்டு, அன்று வலி குறைவாக இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குப் பாரம் தூக்காமல், காற்பந்து ஆடாமல் இருக்க வேண்டும். அதற்குள் தலை சுற்றல், முகம் வெளுத்துப்போதல், வயிறு கெட்டியாதல், காரணமில்லாத இடது தோள் வலி இவற்றில் ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். "போன வாரம் மோட்டர்ல விழுந்தேன், இடது விலாவுல அடி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.